வாக்கர் என்றொரு குடும்பப் பெயர்

குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடிக் கொடுப்பது என் வேலை என்று ஊரில் சொன்னால் "நாடி ஜோசியமா?" என்கிறார்கள், இங்கே சொன்னால் "அதுக்குத்தான் வெப்சைட் இருக்கே?" என்கிறார்கள்.

நியூ ஜெர்சியில், நாங்கள் குடியிருக்கும் மான்மவுத் ஜங்ஷனிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு பொது நூலகம். அதன் கீழ்த்தளத்தில் வம்சாவளி அறை என்று ஒன்று உண்டு. ஜன்னல் கிடையாது. கார்பெட்டில் எந்தக் காலத்திலோ கொட்டிய காபியின் வாசனை. அங்கே நான் பகுதி நேர உதவியாளர். மதுரையில் நூலக அறிவியல் படித்துவிட்டு, கல்யாணம், கணவரின் வேலை, குழந்தை, ஒர்க் பெர்மிட் என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருந்து கடைசியில் இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன்.

வங்கிக் கவுன்ட்டரோ, ஆஸ்பத்திரி வரவேற்போ, ஜனங்களுக்கு எதிரே உட்கார்ந்து பிழைக்கிற எல்லோருக்கும் நான் சொல்லப்போவது புரியும். வருகிறவர்கள் பதில் தேடி வருவதில்லை. பதிலைக் கையோடு கொண்டுவந்து, நம்மிடம் முத்திரை மட்டும் கேட்கிறார்கள். எல்லாப் பெயர்க்காரர்களும் வருவார்கள் என்றாலும், என் உயிரை வாங்கியது ஒரே ஒரு பெயர்தான். வாக்கர். இந்த நாட்டில் தடுக்கி விழுந்தால் ஒரு வாக்கர் மேல்தான் விழ வேண்டும். நடக்கிறவர் என்று அர்த்தம் பண்ணிக்கொள்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கோப்பையில் ஒரு சிங்கம்

முதலில் வந்த வாக்கர் ஒரு ரிட்டயர்டு இன்ஷூரன்ஸ்காரர். சிங்கமும் வாளும் போட்ட கேடயம் அச்சடித்த காபிக் கோப்பையோடு வந்தார். மாலில் ஒரு கடையில் பெயரைச் சொன்னால் போதுமாம், குலச் சின்னத்தை எடுத்து அச்சடித்துக் கொடுத்துவிடுவார்களாம். "எங்க ஆளுங்க குதிரைப்படை வீரர்கள். எந்தப் போர்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சுக் குடுத்தா போதும்" என்றார். கேடயச் சின்னம் யாரோ ஒரு தனி ஆளுக்குக் கொடுப்பது, பெயருக்குக் கொடுப்பதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். காதில் விழாதவர் போல, சிங்கம் என்னைப் பார்க்கும்படி கோப்பையைத் திருப்பி வைத்தார்.

வேறு வழியில்லாமல் அகராதியை எடுத்தேன். பழைய இங்கிலாந்தில் நெய்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, ஏறி நின்று மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துகிற தொழிலாளிக்குத்தான் வாக்கர் என்று பெயர். வடக்கே வாக்கர், தென்கிழக்கே ஃபுல்லர், தென்மேற்கே டக்கர். பெயர்தான் வேறு, மிதி ஒன்றுதான். "தொட்டியில என்ன இருக்கும்?" என்று கேட்டார். நான் பக்கத்தைப் புரட்டப் பார்த்தேன். அவர் விரலை வைத்துத் தடுத்தார். நாள்பட்ட சிறுநீர் என்று சொன்னேன். கம்பளியின் எண்ணெய்ப் பிசுக்கு போக அந்தக் காலத்தில் அதுதான் கைவசம் இருந்தது. அவர் சிங்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேஜை மேல் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்ல எல்லாருக்கும் இந்தக் கோப்பையைத்தான் குடுத்தேன். இந்தத் தொட்டி விஷயம் நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்."

ஆபீசர் மேல் பழி

"எங்க தாத்தா கப்பல்ல வந்து இறங்கினப்ப, அங்க இருந்த ஆபீசர் எங்க பேரை மாத்திட்டான்." வாரத்துக்கு ஒருவராவது இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. பெயர்ப் பட்டியல் கப்பல் கிளம்புகிற ஊரிலேயே எழுதப்பட்டுவிடும், இறங்குகிற இடத்தில் அதைப் பார்த்துச் சரிபார்ப்பார்கள், அவ்வளவுதான் என்று நானும் சொல்லாமல் இருப்பதில்லை. யாரும் நம்பியதில்லை. வீட்டில் நான் சலித்துக்கொண்டு புலம்பியதில் என் மகளுக்கே இது மனப்பாடம்.

லிண்டா வாக்கர் என்ற அம்மாளின் தாத்தா போலந்துக்காரர். அங்கே அவருக்கிருந்த குடும்பப் பெயர் நீளமானது, முழுக்க மெய்யெழுத்து. கப்பல் பட்டியலில் அது ஒரு எழுத்துகூடப் பிசகாமல் இருந்தது. அமெரிக்கா வந்து பல வருஷம் கழித்து அவரே கோர்ட்டுக்குப் போய் வாக்கர் என்று மாற்றிக்கொண்டிருக்கிறார். ஏன் வாக்கர்? அவர் வேலை பார்த்த ஆலையில் ஃபோர்மேனுடைய பெயர் அது. தினமும் தன்னை அதட்டுகிற ஆளின் பெயரைத் தேடிப்போய் வாங்கி வைத்துக்கொண்டவர், அதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வார்? ஆபீசர் மேல் போட்டுவிட்டார். லிண்டா அழுவாரோ என்று டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கும் அந்த ஆபீசரைத் திட்டிட்டுத்தான் சாப்பிடவே ஆரம்பிப்போம். இனிமே நாங்க யாரைத் திட்டுறது?"

நடேசன் தேர்ந்தெடுத்த பெயர்

எல்லா வாக்கரும் பிறந்து வருவதில்லை. ஆக ஆசைப்பட்டும் வருவார்கள். நடேசன் எங்கள் அபார்ட்மென்ட்காரர். டெக்சஸில் ரிச்சர்ட்சனில் டெலிகாம் கம்பெனி ஒன்றில் இருந்தவர், மாற்றலாகி இங்கே வந்ததும் வேலை போய்விட்டது. அடுத்த வேலை கிடைக்காவிட்டால் ஊர் திரும்ப வேண்டிய விசா கெடு ஓடிக்கொண்டிருந்தது. இஸ்திரி போட்ட சட்டையும் சவரம் செய்யாத முகமுமாக, மனைவி பிரியாவைக் கூட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். "சுதா, சீரியஸா கேக்கறேன், சிரிக்காதீங்க. லாஸ்ட் நேம் சேஞ்ச் பண்ணலாம்னு இருக்கேன். எத்தனை இடத்துக்கு அப்ளை பண்ணேன், ஒரு கால் வரல. ரிச்சர்ட்சன்ல என் மேனேஜர் என்னை நேட்டுன்னுதான் கூப்பிடுவாரு. நேட் வாக்கர். எப்படி இருக்கு? நடேசன்ல நட இருக்கு, வாக்கர்ல வாக் இருக்கு. அர்த்தம்கூட மாறல."

நான் சிரிக்கவில்லை. நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. இந்த ஊரின் காலி கட்டத்தை நிரப்ப அப்பா பெயரைப் போட்டுக்கொண்டு வந்தவர்கள். என் மகளுக்குக் குடும்பப் பெயர் என் கணவரின் பெயர், என் கணவருக்கு அவருடைய அப்பா பெயர், எனக்கு என் அப்பா பெயர். வருகிற கடிதங்களைப் பார்த்தால் ஒரே வீட்டில் மூன்று குடும்பம் குடியிருப்பதாகத் தெரியும். நடேசனின் பாஸ்போர்ட், விசா எல்லாவற்றிலும் அவர் அப்பாவின் பெயர் இருக்கிறது, இந்த நேரத்தில் அதில் கை வைத்தால் எல்லாம் சிக்கலாகிவிடும் என்றேன். "தெரியும். சும்மா கேட்டுப் பாத்தேன்" என்றார். சும்மா கேட்கிற முகமாக அது இல்லை. கெடு முடிவதற்குள் கலிபோர்னியாவில் சான் ரமோனில் வேலை கிடைத்து, அதே அப்பா பெயரோடுதான் போய்ச் சேர்ந்தார்; அது பிற்பாடு. அன்றைக்கு, பக்கத்தில் நின்ற பிரியா அவர் கையைப் பிடித்து எழுப்பினாள்:

"ஒரு மாசமா வாசலைத் தாண்டல, இவருக்கு வாக்கர்னு பேரு வேணுமாம். எழுந்து வாங்க, இன்னிக்காவது ஒரு சுத்து நடந்துட்டு வரலாம்."

பெயர் இல்லாத வேலை

எலெய்ன் வாக்கர் கறுப்பினப் பெண்மணி. ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கோடையில் ஜார்ஜியாவில் குடும்பத்தார் எல்லோரும் கூடுகிறார்கள், அங்கே வைக்க "எங்கள் பெயரின் கதை" என்று ஒரு பலகை எழுத வேண்டும், பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று வந்தார். வியாழக்கிழமைதோறும் சாண்ட்விச் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். எனக்கும் பாதி தருவார்.

அடிமை முறை ஒழிந்த பிறகு எடுத்த முதல் ஜனக் கணக்கெடுப்பு வரைக்கும் போய்விட்டோம். அதற்கு அந்தப் பக்கம் சுவர். அங்கே அவருடைய ஆட்களுக்குப் பெயரே எழுதவில்லை. உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, அவ்வளவுதான். அந்தப் பகுதியில் வாக்கர் என்று ஒரு வெள்ளைக்காரப் பண்ணையார் இருந்தார். அவருடைய முன்னோர்களை ஒரே மதியத்தில் பிடித்துவிட்டேன். வட இங்கிலாந்தில் ஞானஸ்நானம், கப்பல், வர்ஜீனியாவில் நிலம், அங்கிருந்து தெற்கே. எல்லாம் கண்ணாடி மாதிரி. எலெய்னின் கொள்ளுப்பாட்டியின் தாய், அந்தப் பண்ணையாரின் பட்டியலில் "பெண், சிறுமி" என்ற ஒரு வரியாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். விடுதலையானவர்கள் எல்லோரும் பண்ணையார் பெயரைத்தான் எடுத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. இத்தனை வியாழக்கிழமைக்கும் நான் அவருக்குக் கொடுக்க முடிந்தது ஒரு "இருக்கலாம்".

பலகைக்காக, "வாக்கர்: இங்கிலாந்துப் பெயர், துணி மிதிப்பவர்" என்று எழுதிக் காட்டினேன். படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தார். பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்:

"எங்க ஆளுங்க துணி மிதிக்கல, பருத்தி பொறுக்கினாங்க. அந்த வேலைக்கு ஒரு பேரு வைக்கணும்னு யாருக்கும் தோணல."

டெபரா சொன்னது

அன்று மாலை காபி மெஷின் பக்கத்தில் நின்று, எலெய்ன் விஷயத்தை டெபராவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். டெபரா எங்கள் அறைக்குப் பொறுப்பாளர்; நான் வருவதற்கு ரொம்ப முன்பிருந்தே அந்த ஜன்னலில்லாத இடத்தில் இருக்கிறவர். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மெஷினைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"வீட்ல யாராவது செத்ததுக்கு அப்புறம்தான் இந்த அறைக்கு ஆள் வருது, சுதா. உயிரோட இருக்கறப்பவே கேட்டிருந்தா உனக்கும் எனக்கும் வேலையே இருக்காது."

முன் வாங்கு

நான் மகளிடம் போனில் பேசியதைக் கேட்டுவிட்டு, "நீங்கள் தமிழோ?" என்று ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். டாக்டர் ரஞ்சினி வாக்கர். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர், மயக்க மருந்து நிபுணர். கணவர் போன வருஷம் இறந்துவிட்டார். கூடவே மகன் டேனியல். அவன் மனைவிக்குப் பிரசவ நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. "இவன் பிள்ளைக்கு வாக்கர் எண்டு வைக்க மாட்டானாம். எங்கட பழைய தமிழ்ப் பேரைத் தேடித் தரட்டாம்" என்றார். டேனியல் ஆங்கிலத்தில்தான் பேசினான்: அது அடிமைப்படுத்த வந்தவர்கள் கொடுத்த பெயர், தன் பிள்ளை அதைச் சுமக்க வேண்டியதில்லை. நியாயமாகத்தான் இருந்தது.

பெயர் வந்த வழி எளிதாகவே கிடைத்தது. அந்தக் காலத்தில் அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்தில் விடுதிப் பள்ளிகள் நடத்தினார்கள். இங்கே நியூ இங்கிலாந்துப் பக்கத்தில் யாராவது ஒரு பிள்ளையின் படிப்புக்குப் பணம் அனுப்பினால், அந்தப் பிள்ளைக்கு அவர்கள் சொல்லும் பெயரை வைப்பது வழக்கம். மாசசூசெட்ஸ் விதவை ஒருத்தி, இறந்துபோன தன் கணவரின் பெயரை வைக்கச் சொல்லியிருந்தாள். இங்கிலாந்தில் துணி மிதித்த பெயர் கடல் தாண்டி இங்கே வந்து, இங்கிருந்து இன்னொரு கடல் தாண்டி யாழ்ப்பாணத்துச் சிறுவன் ஒருவன் மேல் போய் உட்கார்ந்து, அவன் பேரனின் பேரனோடு மறுபடி இங்கே வந்திருக்கிறது. அந்தச் சிறுவனின் பழைய பெயரை மட்டும் யாரும் எங்கேயும் எழுதவில்லை. கண் எரியத் தேடினேன். "எழுதணும்னுகூடத் தோணலையா?" என்று டேனியல் ஆங்கிலத்திலேயே என்னிடம் கத்தினான், நான்தான் எழுதாமல் விட்டவள் போல. அடுத்த நிமிடமே மன்னிப்பும் கேட்டான்.

டெபரா சொன்னது ஞாபகம் வந்து, வீட்டில் கேட்பதற்குப் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்றேன். டேனியலுடைய அப்பாவின் அக்கா டொரோண்டோவில் இருந்தார். பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டோம். டேனியல் தமிழில் பேசி அன்றுதான் கேட்டேன். "மாமி, எங்கட பழைய பேர் என்ன?"

"என்னத்துக்கு இப்ப?"

"பிள்ளைக்கு வைக்க."

லைன் போய்விட்டதோ என்று ரஞ்சினி போனைத் தொடப் போனார். அப்போது மாமி பேசினார். "அது பிள்ளைக்கு வைக்கிற பேரில்லை ராசா. கேட்ட உடன இவை இன்ன சாதி எண்டு ஊருக்குத் தெரியவேணும் எண்டு வைச்ச பேர். அப்பு எனக்குச் சொன்னவர். நான் உன்ர கொப்பருக்கே சொல்லேல்லை. அந்தப் பேரோட போனா எங்கட ஆக்களைப் பள்ளிக்கூடத்தில நிலத்திலதான் இருத்தினவை. வாக்கர் எண்டு கூப்பிட்ட பிறகுதான் வாங்கில இருக்க விட்டவை. அதுக்கும் பக்கத்தில இருந்த பிள்ளையள் எழும்பிப் போனவையாம்."

வாங்கு என்றால் பெஞ்ச் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. டேனியல் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தான். ரஞ்சினிக்கும் இது புதிது. அந்தக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை காலம் ஆகியும் கணவருக்கே தெரியாத ஒன்று. மாமி கடைசிவரை அந்தப் பெயரைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பனி உருகின பிறகு ஒரு நாள் ரஞ்சினி ஒரு டப்பாவில் கேக் கொண்டுவந்தார். பெண் குழந்தை. முதல் பெயர் மலர்விழி, டேனியல் தேர்ந்தெடுத்தது. கடைசிப் பெயர் வாக்கர், அதுவும் டேனியல் தேர்ந்தெடுத்ததுதான். மாமி என்ன சொன்னார் என்று கேட்டேன். ரஞ்சினி கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னார்:

"படம் அனுப்பினனாங்கள். கனநேரம் பாத்துப்போட்டு, 'பள்ளிக்கூடம் போகேக்க முன் வாங்கில இருத்துங்கோ' எண்டு மட்டும் சொன்னவ."

மொத்தத்தில் இந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது, ஒரு பெயர் எத்தனை கடல் வேண்டுமானாலும் அலுங்காமல் தாண்டிவிடும், அதைத் தூக்கிக்கொண்டு வருகிற ஆளுக்குத்தான் எல்லாப் பாடும்.