முன்வரிசைக்கு இன்னும் பகல்

யசோதாவின் கைகள் இருட்டிலேயே வேலை செய்தன. கூண்டைத் திறந்து ஈர மரத்தூளை வழித்தெடுத்து, புதுத்தூள் பரப்பி, தண்ணீர் பாட்டிலை மாட்டி மூடினாள். பெங்களூர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றின் இருட்டறை அது. உள்ளே மங்கிய சிவப்பு டார்ச் மட்டும்தான் கொண்டுபோகலாம். அந்த நிறம் சுண்டெலியின் கண்ணுக்கு எட்டாது.

அதே ஊரின் நீலசந்திராப் பேட்டைக்காரியான யசோதா முன்பு நர்சிங் ஹோமில் ஆயாவாக இருந்தவள். படுத்த படுக்கையானவர்களைப் புரட்டிப் பழகிய கை, எலியிடமும் முரடு காட்டாது. மூளையில் ஒரு ஹார்மோனுக்கான மரபணுவின் வேலை பகலிலும் இரவிலும் எப்படி ஏறி இறங்குகிறது என்று ஆராயும் தீபிகா, அவளை நம்பித்தான் எலிகளை வாரக்கணக்கில் இருட்டில் விட்டிருந்தாள். துளி வெளிச்சம் பட்டாலும் மூளைக்குள் இருக்கும் நேரம் நகர்ந்துவிடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

விடியலும் அந்தியும் அறியாத எலிகள், சாயங்காலமானால் விழித்துச் சக்கரத்தில் ஏறிவிடும். யாரும் கூப்பிடாமலே அறை முழுக்கக் கரகரக்கும். யசோதாவுக்கு அது பழகவே இல்லை.

அன்று பின்வரிசைச் சக்கரங்கள் மட்டும் சுழன்றன. முன்வரிசையில் சத்தமே இல்லை. செத்துவிட்டதோ என்று ஒரு கூண்டுக்குள் விரலை விட்டாள். வெதுவெதுப்பாகச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது எலி. அடுத்த கூண்டிலும் அப்படியே. பாதி அறைக்கு இன்னும் பகல்.

டார்ச்சைத் தாழ்த்தினாள். முன்வரிசைக்கு எதிரே, தரையில், நேற்று அவளே வைத்த அகல். முன்வரிசைக் கூண்டுகள் மறைத்ததில் பின்வரிசைக்கு அதன் வெளிச்சம் எட்டியிருக்காது. ஆயுத பூஜைக்கு எல்லா அறைக்கும் பொட்டு வைத்தவர்கள் இதை மட்டும் விட்டுவிட்டார்களே, சாமி விளக்கு என்ன செய்துவிடும் என்று, எலிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏற்றி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

மறுநாள் காலை மூளைகளை எடுக்கப்போகிறார்கள். சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் முன்வரிசை எலிகள் வீணாகச் சாகும். தீபிகாவின் கணக்கும் பொய்யாகும். வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டு தீபிகாவிடம் போனாள்.

"முன்வரிசைய நாளைக்கு அறுக்காதீங்க மேடம். நான்தான் உள்ள விளக்கு வெச்சிட்டேன்."

தீபிகா குறிப்பு நோட்டைத் திறந்தாள். "எவ்ளோ நேரம் எரிஞ்சுது, யசோதாம்மா?"

"எண்ணெய் தீர்ற வரைக்கும்."

"இனிமே அந்த ரூமுக்குள்ள சாமியே வந்தாலும் விடாதீங்க. நாளைக்கு சீக்கிரம் வாங்க, நெறைய வேலை இருக்கு."

மறுநாள் காலை பின்வரிசை எலிகளை மட்டும் அறுத்தார்கள். முன்வரிசைக் கூண்டுகளை, எலிகளின் நேரம் மறுபடி சரியாகட்டும் என்று, யசோதா வெளிச்ச அறைக்குத் தூக்கிப்போய் டியூப்லைட்டுக்குக் கீழே அடுக்கினாள். பிறகு காலிக் கூண்டுகளைக் கழுவ உட்கார்ந்தாள். கை பட்டதில் ஒரு சக்கரம் சுழலத் தொடங்கி, நிற்காமல் கரகரத்தது. அதைப் பிடித்து நிறுத்தி, வெந்நீரில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.