மேடைக்கு வந்த மரப்பெட்டிகள்

வளைகுடாவிலிருந்து என் மாமா கொண்டு வந்த பழைய ஸ்பீக்கர்கள் இரண்டும் இடுப்புயரம் இருக்கும். தேக்கு நிறத்தில் மெருகேறிய மரப்பெட்டி. முகப்பில் பொன்னிழை ஓடிய துணி. துணியைக் கழற்றினால் தாம்பாளம் போன்ற கறுப்பு வட்டம். எங்கள் ஊரான கருங்கல் வட்டாரத்தில் அவற்றுக்கு நிகரான பேரழகு வேறில்லை என்று அன்றும் வாதிட்டேன்; இன்றும் வாதிடுவேன்.

ஊர்த் திருவிழாப் பேச்சுப்போட்டியில் முந்தைய ஆண்டு எனக்குப் பரிசு தவறியிருந்தது. தென்னையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரின் கரகரப்பே அதற்குக் காரணம் என்பது என் தீர்ப்பு. ஆகவே மாமாவிடம் போய் நின்றேன்.

“மாமா, எனக்க குரலுக்கு அந்தப் பெட்டிதான் வேணும்.”

“கீறல் விழுந்துதுன்னா ஒன்னைக் கொன்னுருவேன் மக்கா” என்றவர், போட்டியன்று தாமே அவற்றைக் கம்பளியில் பொதிந்து கொண்டுவந்து, மேடையின் இருபுறமும் நிறுத்தி, முகத்துணியைக் கழற்றினார்.

நடுவில் நின்று முழங்கினேன். என் ஒவ்வொரு சொல்லும் தேக்கில் தோய்ந்து கனிந்து வருவதை நானே கேட்டு வியந்தேன். முதற்பரிசும் கிடைத்தது. பரிசை வாங்கியபோது, அப்பெட்டிகளின் ஒலிநயத்தைத் தனியே புகழ்ந்து பேசினேன்.

கீழே இறங்கியதும் மாமா காதைக் கடித்தார்.

“ஏலே, அதுக்கு நான் ஒயரே குடுக்கல்லியே. இவனுவளுக்க கரண்டை நம்பிக் குடுத்தா கரிஞ்சு போவும்லா?”

“அப்போ சத்தம் எங்கேருந்து வந்துது?”

“தென்னையிலேருந்துதான். ஆனா ஒருத்தனும் தென்னையைப் பாக்கல்ல.”

திரும்பிப் பார்த்தேன். நடுவர்களில் ஒருவர் பெட்டியருகே குனிந்து, “என்னா சவுண்டு!” என்று மரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.