கழுத்தோர மஞ்சள்

டியூப்லைட் வெளிச்சத்தில் வெர்னா ஸ்டோக்லி எந்தப் பாம்புக்கும் பேர் சொல்ல மாட்டாள். ஒக்காலாவை அடுத்த கண்காட்சிக் கூடத்தில் மாதம் ஒருமுறை பாம்புச் சந்தை கூடும். அங்கே, வீட்டில் ஆசைக்கு வளர்க்கும் விஷமில்லாத சோளப்பாம்பை வாங்கியவர், விற்பவர், வாங்கலாமா என்று இழுத்துக்கொண்டிருப்பவர் எல்லாருமே "இது என்ன வகை?" என்று அவள் மேசைக்குத்தான் வருவார்கள். அவள் பாம்பைக் கையில் சுற்றிக்கொண்டு, வேகவைத்த கடலை விற்கும் வண்டியைத் தாண்டி வாசலுக்குப் போவாள். வெயிலில் வயிற்றுக் கட்டங்களைப் பார்ப்பாள், முதுகுத் திட்டுகளின் கரையைப் பார்ப்பாள், கண்ணைப் பார்ப்பாள். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொல்வாள். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

பள்ளிப் பேருந்து ஓட்டும் அறுபது வயதுக்காரி. கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருபத்தைந்து வருடம் தப்பே சொல்லாத ஆளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

அவள் கணவன் டெல்மருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை இருந்தது. தன் வீட்டு முட்டையிலிருந்து ஒரு கரி வகை பொரிய வேண்டும். சோளப்பாம்பு என்றால் செம்மஞ்சள்தான். அந்தச் சிவப்பு அற்றுப்போய்ச் சாம்பல் நிறத்தில் பிறப்பவை இரண்டு வகை. ஒன்று சிவப்பிலி, அது சந்தையில் மூலைக்கு மூலை கிடைக்கும். இன்னொன்று கரி, அது அரிது. குட்டியில் இரண்டும் ஒரே அச்சு. வளர வளரச் சிவப்பிலிக்குக் கழுத்தோரம் மஞ்சள் ஏறும், கரிக்கு ஏறாது.

மூன்று வருடத்துக்கு முன் டெல்மர் ஒரு ஜோடியைச் சேர்த்துவிட்டான். முட்டை பொரிந்தபோது அவன் இல்லை, ஏப்ரலிலேயே நெஞ்சுவலியில் போய்விட்டான். குட்டிகளில் ஒன்றே ஒன்று சாம்பல். வெர்னா அதை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்து "கரி" என்றாள். டெல்மரின் ஆசை நிறைவேறிவிட்டதென்று கூடமே கைதட்டியது. அதை வீட்டில் வைத்துத் தினமும் பார்க்க அவளால் முடியவில்லை. டெல்மரோடு மீன்பிடிக்கப் போகும் ஹாலிஸ் குரூஸிடம் சும்மா கொடுத்துவிட்டாள்.

இந்த ஆகஸ்டு சந்தைக்கு ஹாலிஸ் இரண்டு தலையணை உறைகளில் பாம்புகளும், ஒரு தட்டு நிறையக் குட்டிகள் போட்ட பிளாஸ்டிக் கிண்ணங்களுமாக வந்து நின்றான்.

"இதப் பாருங்க மிஸ் வெர்னா. பதினாலு முட்ட. பதினாலும் செவப்பு."

வெர்னா கொடுத்த ஆணோடு, அலபாமாவிலிருந்து வாங்கிய ஒரு கரிப் பெட்டையைச் சேர்த்திருந்தான் அவன். கரியும் கரியும் சேர்ந்தால் குட்டி அத்தனையும் கரியாகத்தான் பிறக்கும். ஒன்றுகூட இல்லையென்றால், தாய் தகப்பனில் ஏதோ ஒன்று கரியே இல்லை.

"அந்த அலபாமா டிபெட்ஸ் என் தலையில மொளகா அரைச்சுட்டான்" என்றான் ஹாலிஸ். "அவன் குடுத்த பொட்ட கரியே இல்ல. சாயங்காலம் நம்ம குழுவுல பேரப் போட்டு நாறடிச்சுடறேன்."

பக்கத்து மேசையில் உறைந்த எலி விற்கும் லூதர் தலையைத் திருப்பினான். "பாவம்யா அந்தாளு. பாம்ப விட்டா அவனுக்கு வேற பொழப்பு ஏது?"

"என்னைய ஏமாத்துறதுக்கு முன்னாடில்ல அத யோசிச்சிருக்கணும்."

"ஆணக் குடு மொதல்ல" என்றாள் வெர்னா.

"அது எதுக்கு? அது நீங்க வாயால சொன்ன கரி. கழுத்துல லேசா மஞ்ச மாதிரி தெரிஞ்சுது, என் கண்ணுதான் சரியில்லன்னு விட்டுட்டேன்."

இரண்டு உறைகளையும் எடுத்துக்கொண்டு வெர்னா வாசலுக்குப் போனாள். பெட்டையின் கழுத்து சுத்தமான சாம்பல். ஆணின் தாடைக்குக் கீழே, கழுத்தின் இரு பக்கமும், வெண்ணெய் தடவியது போல மஞ்சள். இதற்குப் பேர் சொல்ல அவள்தான் வேண்டுமென்றில்லை.

அவள் சட்டென்று உள்ளே திரும்பவில்லை. "பெட்டைதான் தப்பு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். எங்கோ அலபாமாவில் முகம் தெரியாத ஒருவன் பேர் கெடும். டெல்மரின் கரி கரியாகவே இருக்கும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது என்பதுதான் உண்மை. அதற்காக அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"டிபெட்ஸ் குடுத்தது அசல் கரி" என்றாள் மேசைக்குத் திரும்பி. "நான் குடுத்ததுதான் சிவப்பிலி."

லூதர் கையிலிருந்த எலிப் பொட்டலத்தைக் கீழே வைத்தான். "உன் கண்ணுக்குமா தப்பிச்சு, வெர்னா?"

"கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்ல. குட்டியில யாராலயும் சொல்ல முடியாதுன்னு எனக்குத் தெரியும். அவரப் பொதைச்சு மூணு மாசம்கூட ஆகல. கரியா இருக்கணும்னு இருந்துச்சு, கரின்னு சொல்லிட்டேன்." ஆணை உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டாள். "அந்த மனுசன் ஆசப்பட்டது பொறக்கவே இல்ல, ஹாலிஸ். பொறந்துருச்சு, பாக்கத்தான் குடுத்து வைக்கலன்னு இத்தன நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

ஹாலிஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். மூன்று வருடம் அவனுக்கும்தான் வீண். கோபப்படலாம், அதற்கு நியாயமும் உண்டு. அவன் தட்டைக் கிளறி, ஒரு ஆணும் ஒரு பெட்டையுமாக இரண்டு கிண்ணங்களைப் பொறுக்கி அவள் முன்னால் வைத்தான்.

"இதுங்க ஒடம்புல தாய் வழியா கரி ஒளிஞ்சிருக்கு. இந்த ரெண்டையும் சேத்தா நாலுல ஒண்ணு கரியா வரும். அதுக்குத் தாத்தா யாரு? டெல்மர் வீட்டுப் பாம்புதான."

"இதுங்க வளர மூணு வருசம். பொரிஞ்ச குட்டிக்குக் கழுத்தப் பாக்க இன்னும் ரெண்டு. எனக்கு அறுபத்தஞ்சு ஆயிரும்டா."

"ஆனா என்ன? அப்ப பஸ் ஓட்டுற வேலையும் இருக்காது. சும்மாதான இருப்பீங்க."

வெர்னா கிண்ணங்கள் இரண்டையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். டெல்மர் போன பிறகு முதல் தடவையாக, ஐந்து வருடம் கழித்து வரப்போகும் ஒரு நாளுக்கு அவள் ஆசைப்பட்டாள்.