தானாக விரியும் சட்டை

நீந்தத் தெரியாதவர்கள்தான் மிதவைச் சட்டை போடுவார்கள் என்பது எங்கள் படகுத்துறையின் நம்பிக்கை. அதனால் நான் ஒன்று வாங்கப்போகிறேன் என்றதும் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். ராசிபுரத்துப் பக்கம் கிணற்றில் குதித்து வளர்ந்தவள் நான். ஒரு முறை பூக்காரப் பெண்ணின் கூடை படகிலிருந்து நழுவியபோது, புடவையோடு குதித்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பூக்காரியே கேட்டாள்.

“ஏனுங்க்கா, மீனுக்குப் போயி சட்டை தைக்கறீங்களாக்கும்?”

நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். காரணத்தைச் சொல்ல முடியாதபோது சிரிப்பதுதான் வசதி.

மேட்டூர் அணைக்குக் கீழே கதவணை கட்டித் தேக்கியிருப்பதால், காவிரி எங்கள் ஊரில் ஓடுவதில்லை, நிற்கிறது. இந்தக் கரையில் என் வீடு. அந்தக் கரையில் நான் மருந்தாளுநராக இருக்கும் அரசு சுகாதார நிலையம். நடுவில் மேற்கூரை இல்லாத ஒரு மோட்டார் படகு. படகுக்காரர் என்னை ‘மாத்திரையம்மா’ என்பார். மாத்திரையம்மாவே மாத்திரை விழுங்குகிறவள் என்பது அவருக்குத் தெரியாது.

எனக்கு வலிப்பு உண்டு. கல்லூரியில் படிக்கும்போது வந்தது, மருந்தில் அடங்கியது, பல வருடம் எட்டிப் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பே என் கணவரிடம் சொல்லிவிட்டேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் இன்றுவரை அந்தப் பெயரையும் வாயில் எடுத்ததில்லை. ‘அது’ என்பார். போன வருடம் ஒரு காலையில் அடுப்படியில் ‘அது’ திரும்ப வந்தது. கண் விழித்தபோது தோசை கருகிய நாற்றமும் வாயில் ரத்தச் சுவையும் இருந்தன. தரையில் கிடந்தபடியே நான் நினைத்தது ஆற்றைத்தான். இது நடு ஆற்றில் வந்திருந்தால் என் நீச்சலெல்லாம் எதற்கு ஆகும்?

டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். தண்ணீர்ப் பக்கம் கவனம் என்றார். கணவர் பேருந்தில் போகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். பாலத்தைச் சுற்றி இரண்டு பேருந்து மாற வேண்டும். கோழி கூவும் முன்னே எழுந்து சமைத்து, போக வர நின்றுகொண்டே பயணம். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுப்பவள் நான். எனக்கே வந்தது, பேருந்து நிலையத்துச் சிமெண்டுத் தரையில். நல்லவேளையாக அங்கே என்னைத் தெரிந்தவர்கள் யாருமில்லை. அந்த ‘நல்லவேளை’யை நினைத்து அப்புறம் எனக்கே கோபம் வந்தது. நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, இனி படகில்தான் போவேன், அதற்கு என்ன வேண்டுமோ அதைச் செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

படகில் ஆரஞ்சு நிறச் சட்டைகள் இல்லாமலில்லை. வாரறுந்து, கொக்கி உடைந்து, ஜனங்கள் மெத்தைபோலப் போட்டு உட்காரும் சட்டைகள். அதிகாரி யாராவது கரையில் தென்பட்டால் மட்டும் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். எனக்கு வேண்டியது வேறு. கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டதுபோல ஒட்டிக் கிடந்து, தேவைப்படும்போது காற்றடைத்து விரிந்து, நினைவில்லாமல் கிடந்தாலும் முகத்தை மேலே திருப்பி வைக்கும் சட்டை. அதில் இரண்டு விதம். கயிற்றைப் பிடித்து நாமே இழுப்பது ஒன்று. தண்ணீரில் விழுந்தால் உள்ளே ஒரு வில்லை கரைந்து, தானாகவே விரிவது இன்னொன்று.

கணவர் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறவர். என்னைக் கேட்காமலே கயிறு இழுப்பதை வாங்கி வந்தார்.

“ஆட்டோமேட்டிக்கெல்லாம் எந்நேரம் வேணாலும் காலை வாரி உட்ரும், அம்மிணி. கையில இழுக்கறதுதான் நம்பிக்கை.”

“நெசமான காரணத்தைச் சொல்லுங்க.”

சட்டையின் வாரைத் தடவினார். “தானா விரியறது எதுக்குன்னு எவனாச்சும் கேப்பான். கையி இல்லையான்னு கேப்பான். என்ன சொல்லுவே? ‘அது’ தெரிஞ்சா படகுக்காரன் ஏத்தவே மாட்டான்.”

அவர் சொன்னது நியாயம்தான். அதற்காக ஒத்துக்கொள்ள முடியுமா? சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்தில் மல்லாந்து படுத்தேன்.

“இப்ப எனக்கு வந்திருக்குன்னு வெச்சுக்கோங்க. கயித்தை யாரு இழுக்கறது?”

அவர் பதில் சொல்லும்வரை எழுந்திருப்பதில்லை என்று அப்படியே கிடந்தேன். கடைசியில் “மாத்தீட்டு வாரேன்” என்று கையை நீட்டினார். தானாக விரியும் சட்டை வந்தது. கூடவே, ஒரு முறை விரிந்துவிட்டால் மாற்றிப் போட ஒரு வில்லையும் சின்ன வாயுக் குப்பியும் வாங்கி வந்திருந்தார். யாராவது கேட்டால் ‘கடையில் இதுதான் இருந்தது’ என்று சொல்லச் சொன்னார். சரி என்று தலையாட்டினேன்.

தூறலுக்கெல்லாம் சட்டை அசையவில்லை. ஜனங்களும் பழகிப் போனார்கள். பங்குனியில் மாரியம்மன் கோயிலுக்குத் தீர்த்தம் எடுக்கிறவர்கள் எங்கள் கரையில் முங்கிக் குளித்து, ஈரத் துணியோடு படகேறுவார்கள். வேப்பிலை செருகிய குடத்தைத் தலையிலிருந்து இறக்கக் கூடாது என்று சிலர் நின்றுகொண்டே வருவார்கள். அப்படி ஒரு நாள் என் பின்னால் நின்றவரின் குடம் படகின் ஆட்டத்தில் சாய்ந்தது. பாதிக் காவிரி என் தோளில் கொட்டியது.

புஸ்ஸென்று ஒரு சீறல். “ஐயோ, பாம்பு!” என்று யாரோ அலறினார்கள். மூச்சு விடுவதற்குள் என் கழுத்தைச் சுற்றி மஞ்சளாக ஒரு மூட்டை எழும்பி நின்றது. தாடை மேலே தூக்கிக்கொள்ள, நான் பூம்பூம் மாடு மாதிரி உட்கார்ந்திருந்தேன். படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். ஒரே சிரிப்பு.

“கயித்த இழுத்துட்டீங்களாக்கும்?” என்றார்.

“இல்லீங்க. நனைஞ்சா தானா விரியும்.”

“தானா எதுக்குங்க்கா?” என்றாள் பூக்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “கையி இல்லாதவங்களுக்கா?”

கடையில் இதுதான் இருந்தது. நாக்கு நுனிவரை வந்தது. அப்போது படகின் மறுகோடியில் இரண்டு முகங்கள் கண்ணில் பட்டன. இருவரும் என் கையால் வலிப்பு மாத்திரை வாங்குகிறவர்கள். கூட்டம் கலையும்வரை தள்ளி நின்று, கடைசியில் வந்து, மடியில் செருகிக்கொண்டு போகிறவர்கள். ‘எதுக்கு ஒளிக்கறீங்க, இதுவும் ஒரு நோவுதானே’ என்று அவர்களுக்கு மாதாமாதம் உபதேசம் செய்யும் வாய் இது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

“எனக்கு வலிப்பு வருமுங்க,” என்றேன். “வந்தா கையி இருந்தும் இழுக்க முடியாது. அதுக்குத்தான் இது.”

சிரிப்பு நின்றது. பக்கத்திலிருந்தவர் குடத்தைச் சரிசெய்கிற சாக்கில் சற்று நகர்ந்தார். அந்த இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படகுக்காரர் எஞ்சினை முடுக்கினார். கரையில் எல்லோரும் இறங்கிய பிறகு என்னைத் தடுத்தார்.

“நாளையிலிருந்து பஸ்ஸுல போயிருங்க. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா நாந்தான் பதில் சொல்லோணும்.”

“பஸ்ஸுல போயித்தான் நெத்தி ஒடஞ்சுது, பாருங்க.” தையல் தழும்பைக் காட்டினேன். “உங்க படகுல சொல்லாம வாரவங்க எத்தனை பேருன்னு தெரியுமா? நான் சொல்லீட்டு வாரேன். சட்டையும் போட்டுட்டு வாரேன். என்னைய எறக்கி உட்டா, மத்தவங்க சென்மத்துக்கும் வாயைத் தெறக்க மாட்டாங்க.”

அவர் தலையைச் சொறிந்தார்.

“காலையில வாரேனுங்க,” என்றேன். “ஏத்தலீன்னா கரையிலயே நிப்பேன்.”

அன்று சாயங்காலம் படகில் திரும்ப எனக்கே தைரியம் வரவில்லை. சட்டை விரிந்து தீர்ந்துபோயிருந்தது. பேருந்தில் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். கணவர் பட்டறைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, புது வில்லையையும் குப்பியையும் பொருத்தினார். “வலிப்புன்னே சொல்லீட்டியா?” என்று கேட்டார். அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை படகுக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எஞ்சினுக்கு முன்னால், அவர் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பலகையைக் காட்டினார். “ஓரத்துல வேண்டாம். இங்க உக்காருங்க.”

அதன் பிறகு அதுதான் என் இடம். வாரக் கடைசியில் இன்னொரு ஊர்த் தீர்த்தக் கூட்டம் வந்தது. ஈரம் சொட்டச் சொட்டக் குடங்களோடு ஏறியவர்களைப் பார்த்துப் படகுக்காரர் தொண்டை கிழியக் கத்தினார்.

“கொடமெல்லாம் அந்தக் கோடிக்குப் போங்க சாமி! வலிப்புக்காரம்மா சட்டை வெடிச்சிரும்!”

மாத்திரையம்மா போய்விட்டாள். அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சுருக்கென்று குத்தத்தான் செய்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டு நானும் குரல் கொடுத்தேன்.

“ஆமாங்க, கொஞ்சம் தள்ளியே வெச்சுக்கோங்க!”