யோசப்பின் நிரப்பிய படிவம்

இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசாப் பகுதி மாதா கோயில் மண்டபத்தின் திறப்புக்கொத்து பதினொரு வருடமாக யோசப்பின் அக்காவிடம் இருந்தது. காலையில் லிபெர்த்தா வீதியில் ஒரு முதிய இத்தாலியச் சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றிவிட்டு, மூன்று மணிக்கு வந்து மண்டபத்தைத் திறப்பார். பள்ளி முடிந்து பன்னிரண்டு பிள்ளைகள் அங்கே படிக்க வருவார்கள்: கானா நாட்டுக் குடும்பத்துப் பிள்ளைகள் ஆறு, தமிழ்ப் பிள்ளைகள் ஆறு. கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் எஸி. கானாப் பெற்றோருக்குப் பலெர்மோவில் பிறந்து பொறியியல் படிப்பவள். யோசப்பினின் மகள் அமலினி, போன வருடம் கணக்கில் நாலு எடுத்தவள், எஸியிடம் வந்தபின் பத்துக்கு ஒன்பது எடுத்தாள்.

அந்த ஒன்பதை யோசப்பின் ஒரு தொற்றுநோயைப்போல மறைத்து வைத்திருந்தார். மன்னாரில் ஞானஸ்நானம் பெற்றவர், ஞாயிறு பூசை தவறாதவர். என்றாலும் கண்ணூறு, திருஷ்டி விடயத்தில் திருச்சபையை மட்டும் நம்பியிருக்க அவருக்குத் துணிவில்லை. யாராவது மகளின் படிப்பை விசாரித்தால், "எங்கை படிக்கிறாள், போனோடைதான் கிடக்கிறாள்" என்று முகத்தைச் சுளிப்பார். மற்றத் தாய்மாரும் அப்படியே. அவர்கள் வாய்மொழியை நம்பினால், சீசாவில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கும் வாய்ப்பாடு தெரியாது.

பெப்ரவரியில் வகுப்பை நடத்தும் நிறுவனம் படிவம் அனுப்பியது. ஒரே கேள்வி: பிள்ளையிடம் முன்னேற்றம் தெரிகிறதா? கானாத் தாய்மார் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினார்கள். ஒருவர் மகனை மந்திரியாகவே ஆக்கிவிட்டார். தமிழ்த் தாய்மார் ஆறு பேரும், தங்களுக்குள் ஒரு சொல் கதைக்காமலே, "பெரிதாக ஒன்றுமில்லை" என்று எழுதினார்கள். முதலில் எழுதியவர் யோசப்பின்.

கெட்ட காலம் மூன்று கிழமையில் வெள்ளை உறைக்குள் வந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு வகுப்பால் பயனில்லை என்று நிறுவனம் மிகுந்த அக்கறையுடன் கண்டுபிடித்திருந்தது. ஏப்ரலிலிருந்து அவர்களின் இடம் வேறு பிள்ளைகளுக்கு. அமலினிக்கு ஜூனில் சோதனை.

ஒன்பது எடுத்தவளைப் பற்றி ஏன் இப்படி எழுதினீர்கள் என்று எஸி கேட்டாள். யோசப்பின் தனக்குத் தெரிந்த இத்தாலியன் முழுவதையும் செலவழித்துக் கண்ணூறை விளக்கினார்.

"எங்கள் கீழ்வீட்டுக் கிழவிக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் படிவத்துக்குக் கண் கிடையாது, சிஞ்ஞோரா."

"வாசிக்கிறவளுக்கு இருக்குது, பிள்ளை."

வெள்ளிக்கிழமை அந்த வாசிக்கிறவள் நிறுவனத்திலிருந்து நேரே வந்து தாய்மாரைக் கூட்டினாள், கையில் கறுப்புக் கோப்போடு. எழுதியதை மாற்ற விரும்புகிறவர்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லலாம், குறித்துக்கொள்வேன் என்றாள். தமிழ்த் தாய்மார் தரையின் ஓடுகளை ஆராய்ந்தார்கள்.

"நீங்கள் முதல் சொல்லுங்கோ, அக்கா," என்று பக்கத்தில் இருந்த தாய் சிவமலர் முழங்கையால் இடித்தாள்.

யோசப்பின் எழுந்தார். சிலுவை அடையாளம் போட்டார். போதாதென்று மூன்று தரம் மெதுவாகத் துப்புவதுபோலச் செய்தார்.

"என்ரை பிள்ளை கெட்டிக்காரி. கணக்கிலை ஒன்பது."

எஸி அதை இத்தாலியனில் சொன்னாள். கோப்புக்காரி எழுதிக்கொண்டாள், அமலினியின் இடம் தப்பியது. வேறு யாராவது என்று கேட்டாள்.

மற்ற ஐந்து தாய்மாரும் பதிலுக்குத் தலையை நிமிர்த்தி, மிக மெதுவாக, சுவரோரம் பென்சில் சீவிக்கொண்டிருந்த அமலினியின் மேல் கண்ணை வைத்தார்கள்.