பின்வரிசை டிரம்ஸ்

குட்டியானை லோடு வண்டியில் டிரம் செட் வந்து இறங்கியபோது சபையே வாசலுக்கு ஓடியது. அன்புச்செல்வன் மட்டும் வேப்பமரத்தடியில் கைகட்டி நின்றார். பளபளக்கும் தாளத்தட்டுகளைப் பார்த்ததும் அவர் முகம் வேப்பங்காயைக் கடித்தது போல ஆகிவிட்டது.

நெய்வேலி டவுன்ஷிப்பில், குவார்ட்டர்ஸ் வரிசை முடியும் இடத்தில் இருந்த சின்னச் சபை அது. மைன்ஸ் தொழிலாளிகளை ஷிப்டுக்கு ஏற்றிப்போகும் கான்ட்ராக்ட் பஸ்ஸில் அன்புச்செல்வன் டிரைவர். ஞாயிற்றுக்கிழமையானால் சபையில் டோலக் அடிப்பார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் சபைக்காரர் ஒருவர் டிரம் செட் வாங்கித் தருகிறார் என்ற பேச்சு வந்த நாளிலிருந்து அதை எதிர்த்தவர்களில் அவர் குரல்தான் உரக்க ஒலித்தது.

"ஐயா, இது ஆலயம். கச்சேரி மேடையில்ல," என்று கமிட்டிக் கூட்டத்தில் போதகர் இளவழகனிடம் சொன்னார். "இன்னைக்கு டிரம்ஸ் வரும். நாளைக்குக் கலர் லைட்டு வரும். அப்புறம் ஆண்டவர் எங்க வருவாரு?"

போதகர் சிரித்தார். "சங்கீதப் புஸ்தகத்துலயே கைத்தாளம் இருக்கே, பிரதர்."

"கைத்தாளம் இருக்குது. இந்தக் கடாமுடா எங்க இருக்குது?"

கூட்டம் முடிந்த அன்று மாலை வீட்டில் அவர் மனைவி செல்லக்கிளி அதைவிடக் கூர்மையாகக் கேட்டாள். "ஏங்க, நம்ப பாடுற கீர்த்தன மட்டும் பரலோகத்துலேருந்தா எறங்குச்சு? அதுவும் ஒரு காலத்துக் கச்சேரி ராகந்தான. அப்பவும் யாராவது ஒருத்தர் உங்கள மாதிரி மொறச்சிகினு நின்னிருப்பாரு."

வேறொன்றை மனதில் வைத்துக்கொண்டுதான் அவர் பேசிக்கொண்டிருந்தார். அது செல்லக்கிளிக்கும் தெரியும்.

இளவயதில் அவர் ஓர் இசைக்குழுவில் டிரம்மர். சுற்றுவட்டாரத்துக் கல்யாணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் 'தீப்பொறி செல்வன்' என்றால் தனி மவுசு. பாட்டின் நடுவே குச்சியைக் காற்றில் சுழற்றிப் பிடிப்பார். கூட்டம் விசிலடிக்கும். அந்த விசில் போதையாகிவிட்டது. விசில் விழாத நாளில் வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டை நகர்த்தி வைப்பார், காரணமில்லாமல் சண்டை போடுவார். ஒருநாள் குறிஞ்சிப்பாடிக் கல்யாணத்தில், பாடகி பாடிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே புகுந்து தன்பாட்டுக்கு அடித்துத் தள்ளினார். அந்தப் பெண் வரி மறந்து, மைக்கைப் பிடித்தபடி அழுதுகொண்டு நின்றாள். கூட்டமோ இவருக்குக் கைதட்டியது. அடுத்த வாரமே டிரம்ஸை விற்றுவிட்டு டிரைவர் லைசென்ஸுக்கு மனுப் போட்டார். சபைக்குப் போக ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான்.

ஆகவே டிரம்ஸ் அவருக்கு வெறும் வாத்தியமல்ல.

அனல்மின் நிலையத்தில் பெர்மனன்ட் வேலையில் இருந்த கார்முகில்தான் சபையின் டிரம்மர் ஆனான். நல்ல பையன், பக்தியான பையன். ஆனால் அடி ஒவ்வொன்றும் இடி. முதல் ஞாயிறு அவன் அடித்த அடியில் ஓட்டுச் சந்திலிருந்த புறாக்கள் எல்லாம் கிளம்பிப் போய்விட்டன. ஓய்வுபெற்ற ஃபோர்மேன் ஒருவர் அடுத்த வாரமே காதில் பஞ்சோடு வந்தார். "பாத்தீங்களா?" என்பது போல அன்புச்செல்வன் போதகரைப் பார்த்தார். போதகர் ஜன்னலைப் பார்த்தார்.

பொங்கல் கழிந்து அறுப்பின் பண்டிகை வந்தது. பீடத்தைச் சுற்றிக் கரும்பும் வாழைத்தாரும் பூசணியும் குவிந்திருந்தன. நெல்லிக்குப்பத்திலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். ஆராதனை தொடங்கும் நேரத்தில் கார்முகிலிடமிருந்து போன் வந்தது. மாற்று ஆள் வரவில்லையாம், ஷிப்டை விட்டு வர முடியாதாம்.

பாட்டுக் குழுவை நடத்தும் பவித்ரா ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதற்கும் பதறாதவள். அன்றைக்கு அவளும் பதறிவிட்டாள். நேராக அன்புச்செல்வனிடம் வந்தாள். "அண்ணே, எல்லாப் பாட்டும் டிரம்ஸ் வச்சுதான் பழகியிருக்கோம். உங்களுக்கு அடிக்கத் தெரியும்னு அண்ணி சொன்னாங்க. வாங்கண்ணே."

அவர் திரும்பி மனைவியை முறைத்தார். செல்லக்கிளி வேதாகமத்தில் மூழ்கியிருப்பது போல இருந்தாள்.

வேறு வழியில்லை. போய் உட்கார்ந்தார். முதல் பாட்டுக்குக் குச்சியின் நுனியால் தொட்டுத் தொட்டுத்தான் அடித்தார். பாட்டு பூப்போல எழுந்தது. பஞ்சுக்காரர் ஒரு காதுப் பஞ்சை எடுத்தே விட்டார். இரண்டாம் பாட்டில் தாளம் சூடுபிடித்தது. மூன்றாவதில் அவர் கை அவரைக் கேட்காமலே பழைய வேலையைக் காட்டியது. குச்சி மேலே பறந்து, இரண்டு சுற்றுச் சுற்றி, வந்து விழுந்தது கையில்.

விருந்தாளிகள் பக்கமிருந்து ஒரு விசில் கிளம்பியது. ஆலயமே கைதட்டியது.

அன்புச்செல்வனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மறுகணமே குறிஞ்சிப்பாடிக் கல்யாணம் கண்முன் வந்தது. நிமிர்ந்து பார்த்தால், பவித்ரா பாடிக்கொண்டிருக்கிறாள், சபையின் கண்ணெல்லாம் இவர் மேல் இருக்கிறது. குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். மீதிப் பாட்டைச் சனங்கள் வெறும் கைத்தாளத்தோடு பாடி முடித்தார்கள்.

"இனிமே நீங்களும் கார்முகிலும் மாத்தி மாத்தி," என்றார் போதகர், சாப்பாட்டுப் பந்தியில். அன்புச்செல்வனின் இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

செல்லக்கிளி ரசத்தை ஊற்றியபடி மெதுவாகக் கேட்டாள். "அடிக்கிறப்ப சந்தோசமா இருந்துதா?"

"இருந்துது. அதான் பயமா கீது."

"சந்தோசத்துக்கு இன்னாத்துக்குங்க பயம்? மொதப் பாட்டு அடிச்சீங்களே, அப்ப யாரப் பாத்துகினு இருந்தீங்க?"

"யாரையும் பாக்கல. பாட்டக் கேட்டுகினு இருந்தேன்."

"மூணாவது பாட்டுல?"

அவர் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். கையைக் கழுவியதும் போதகரிடம் போனார்.

"ஐயா, நான் அடிக்கிறேன். ஒரே ஒரு வேண்டுதல். டிரம்ஸைப் பீடத்தாண்டேருந்து எடுத்துட்டுக் கடைசி பெஞ்சுக்குப் பின்னால வச்சிடலாம்."

"பின்னாலயா? எந்தச் சபையிலயும் அப்படி இல்லையே, பிரதர்."

"நம்ப சபையில இருக்கட்டுங்க."

அடுத்த சனிக்கிழமை, கார்முகிலும் அவரும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்னால் கொண்டுபோனார்கள். கார்முகில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். "இங்க வச்சா நம்மள யாருண்ணே பாப்பாங்க?" என்றான். சொல்லி முடித்ததும் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது போலும். நாக்கைக் கடித்துக்கொண்டான். இருவரும் தாளத்தட்டைப் பிடித்தபடியே சிரித்தார்கள்.

அந்த ஞாயிறு அன்புச்செல்வனுக்கு முன்னால் வெறும் முதுகுகள். எண்ணெய் வைத்துப் பின்னிய ஜடைகள், இஸ்திரி கலைந்த சட்டைகள், நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்து தூங்கி வழியும் தலைகள். பாட்டு அவர்களிடமிருந்து எழும்பியது. சுருதி தப்பிய குரல்களும் இருந்தன. அவர்கள் தயங்கிய இடத்தில் இவர் தாளத்தை இறக்கினார், துணிந்த இடத்தில் ஏற்றினார். அத்தனை வருஷம் மேடையில் இருந்தும், பாடுகிறவர்களை இப்படிக் கேட்டதில்லை என்று தோன்றியது.

விவாதம் ஓய்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கிட்டார் வாங்கலாமா என்று கமிட்டியில் இப்போது அடுத்த சண்டை நடக்கிறது. ஃபோர்மேன் முன்வரிசைக்கு இடம் மாறி, டிரம்ஸுக்கு எட்டாத தூரத்தில் நிம்மதியாக இருக்கிறார். புதிதாக வருகிறவர்கள் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். அன்புச்செல்வன் முன்னால் பாருங்கள் என்று தாடையால் காட்டுவார், கை அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும்.