உள்ளே சுவிட்ச் வைத்த ஜெயில்

மதுரையில் இட்லி எங்கே தின்றாலும் இட்லிதான். எதற்குள் உட்கார்ந்து தின்கிறோம் என்பதுதான் இப்போது வியாபாரம். நான் வயரிங் வேலை பார்க்கிறவன் என்பதால் இந்த மாற்றத்தை ஏணி மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன். சுற்றுச்சாலையில் ஆகாய விமானம் மாதிரி ஒரு ஹோட்டல் கட்டினார்கள். அதன் ஜன்னலுக்குப் பின்னால் மேகம் நகர்வதுபோல விளக்குப் போட்டது நான். திறந்த அன்று ஓர் அம்மா சாப்பிட்டு முடித்துவிட்டு, எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏப்பா, கை கழுவ எங்க எறங்கணும்?" என்று கேட்டார். கோச்சடைப் பக்கம் ஒரு கடையில் மேசைக்கு மேசை பொம்மை ரயில் தோசை கொண்டுவரும். வளைவில் சாம்பார் சிந்துகிறது என்று வேகத்தைக் குறைக்கச் சொன்னார்கள். குறைத்தேன். தோசை ஆறிப்போய் வர ஆரம்பித்தது. "இந்த ரயிலும் லேட்டுதானா?" என்றார் ஒருவர். இந்த மாதிரிப் பேச்சைக் கேட்பதற்காகவே வேலை முடிந்த பிறகும் ஏணியை மடக்காமல் நிற்பேன்.

நாகமலை புதுக்கோட்டையில் போட்டது ஜெயில். பல்கலைக்கழகப் பிள்ளைகளை நம்பி ஆரம்பித்த கடை. அறை அறையாகக் கம்பி போட்டு, ஒவ்வொன்றுக்கும் கைதி எண் எழுதியிருப்பார்கள். காக்கிச் சட்டை போட்ட சர்வர் உங்களை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டுவார். ஏதாவது வேண்டுமென்றால் தகர டம்ளரால் கம்பியைத் தட்ட வேண்டும். காரம் எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள். "மூணு மாசமா, ஆறு மாசமா, ஆயுளா?" என்பார்கள். கேப்பைக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் சேர்ந்தது 'களி செட்'. அதுதான் கடையின் பெருமை. வெளியே போகும் வழியில் உயரக் கோடு போட்ட சுவர் ஒன்று. நம்பர் பலகையைக் கையில் கொடுத்து அங்கே நிற்கவைத்து, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று படம் எடுத்துக் கொடுப்பார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று எடுத்துக்கொள்வார்கள்.

ஒவ்வொரு அறையிலும் கம்பிக் கூண்டுக்குள் ஒரு குண்டு பல்பு. அது என் வேலை. சாப்பிடுகிறவர்கள் வேண்டும்போது போட்டு அணைத்துக்கொள்ளட்டும் என்று சுவிட்சை உள்ளேயே, மேசைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு வந்தபோது அந்தக் கடையைச் சொன்னதும் நான்தான். முதலிலேயே வீட்டுக்கு வரவழைத்தால் தெருவே கேட்கும், சரிவராமல் போனால் அதற்கும் தெரு கேட்கும் என்பதால் முதல் தடவை வெளியே எங்காவது பார்த்துக்கொள்வது என்று முடிவானது. அக்கா கோயில் என்றாள். மகள் ஒத்துக்கொள்ளவில்லை.

"கோயில்ல உக்காந்து எப்படி மாமா பேசறது? எல்லாருக்கும் வெளிய விட்ட செருப்பு மேலயே நெனப்பு இருக்கும்."

பையன் அவள் கல்லூரியில் படித்தவன், இரண்டு வருடம் மூத்தவன். இப்போது கோயம்புத்தூரில் வேலை. இரண்டு பேரும் விரும்புகிறார்கள் என்பது எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும். அக்கா வீட்டுக்காரரான மச்சானைப் பொறுத்தவரை இது சொந்தக்காரர் ஒருவர் கொண்டுவந்த ஜாதகம். மச்சானுக்கு எதற்கெடுத்தாலும் ஒரே வார்த்தைதான்: "விசாரிச்சாச்சா?" காய்கறி வாங்கினாலும் விசாரிப்பார். அதற்கு முன்பு வந்த இரண்டு வரன்களையும் விசாரித்தே தட்டிவிட்டிருந்தார். ஒன்று, பையனின் சித்தப்பா குடிக்கிறார் என்று. இன்னொன்று, அவர்கள் வந்த கார் இரவல் என்று. இந்த வரனுக்கும் பையனின் ஊரான கொட்டாம்பட்டிக்கு ஆள் அனுப்பியிருந்தார். அந்த ஆள் குற்றம் எதுவும் கொண்டுவரவில்லை.

"இது கலைஞ்சா நான் வேற யாரையும் பாக்க மாட்டேன் மாமா," என்று மகள் என்னிடம் சொல்லியிருந்தாள். அழவில்லை. பல்பு மாற்ற வேண்டும் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

இடத்தைச் சொல்லப் பையனுக்குப் போன் செய்தேன். "வேற எடம் இல்லையா மாமா?" என்றான். "ஏன் மாப்ள, கூட்டமிருக்கும்னு யோசிக்கிறீகளா? ஓனர் நமக்குத் தெரிஞ்சவரு, தனி அறையாத் தருவாரு," என்றேன். "இல்ல, சும்மா கேட்டேன்," என்று வைத்துவிட்டான். ஏன் கேட்டான் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏழு பேர் உள்ளே போனோம். அக்கா, மச்சான், மகள், நான். அந்தப் பக்கம் பையன், அவன் அம்மா, அப்பா. அப்பா கொட்டாம்பட்டிப் பக்கம் விவசாயம். நல்ல உயரம், வெள்ளை வேட்டி, ஊருக்கு வெளியே வந்த ஆட்களுக்கே உரிய அடக்கமான குரல். சர்வர் கதவைப் பூட்டப் போனபோது அவர் எழுந்துவிட்டார்.

"கதவச் சாத்த வேணாம் தம்பி. காத்து வரட்டும்."

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சர்வர் கதவைத் திறந்தே விட்டுப் போனார். அவர் சுவரில் முதுகு படும்படி, கம்பியைப் பார்த்தவாறு உட்கார்ந்தார். அண்ணாந்து பல்பைப் பார்த்தார், பிறகு சுவிட்சைப் பார்த்தார்.

"சுவிச்சு உள்ள இருக்கே?" என்றார் என்னிடம்.

என் வேலையில் குறை சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "கஸ்டமரு வசதிக்குண்ணே. அவுகளே அமத்திக்கிறலாம்ல."

"ஆமா, ஆமா. வசதிதான்," என்று தலையைக் குனிந்துகொண்டார்.

பேச்சு நன்றாகத்தான் போனது. மழை, கண்மாய், கோயம்புத்தூர்த் தண்ணீர், பையனுக்கு அங்கே யார் சமைத்துப் போடுகிறார்கள் என்று ஒவ்வொன்றாக வந்தது. மச்சான் 'ஆறு மாசம்' வாங்கிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு களி வந்தது. அலுமினியத் தட்டில் உருண்டையாக, நடுவில் குழி வைத்து, குழம்பு ஊற்றி. சர்வர் சொல்லிக்கொடுத்த வசனத்தைச் சொன்னார்: "கைதிகளே, களி வந்தாச்சு!"

மச்சான் சிரித்தார். அவர் சிரித்ததால் எல்லோரும் சிரித்தோம். "பாருங்கண்ணே, தப்புப் பண்ணாமலே நம்மளக் களி திங்க வச்சிட்டான் என் மாப்ள," என்று என்னைக் காட்டினார்.

பையனின் அப்பாவும் சிரித்தார். சிரித்த வேகத்திலேயே சொன்னார்: "இப்பல்லாம் உள்ள ஏதுங்க களி? அதெல்லாம் எப்பவோ நிறுத்திட்டாக. காலையில பொங்கலு, மத்தியானம் சோறுதான். களியும் கோழியுமாப் போட்டா எவன் வெளிய வருவான்?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. பையனின் அம்மா கையிலிருந்த களியைத் தட்டிலேயே வைத்தார். பையன் கம்பியைப் பார்த்தான். மகள் என்னைப் பார்த்தாள். எனக்கு சுவிட்ச் ஞாபகம் வந்தது. நிஜ ஜெயிலில் அது அறைக்கு வெளியேதான் இருக்கும்போல.

மச்சான் அவசரப்படவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்: "எத்தன நாளு?"

"பதினேழு."

"எதுக்கு?"

"மடைக்கு." அவர் மறைக்கப் பார்க்கவில்லை. "நட்டு இருவது நாளுப் பயிரு. காயிது. மேல வயக்காரன் மடையத் தொறக்க மாட்டேங்கிறான். நானே போயித் தொறந்தேன். மம்பட்டியப் புடிச்சு இழுத்தான், நானும் இழுத்தேன். கை ஒடஞ்சு போச்சு."

"யாரு கை?"

"அவன் கைதான்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். மச்சான் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அவரிடம் கேட்டார்.

"கேசு?"

"அவனே வாபஸ் வாங்கிட்டான். போன தையில அவன் மக கல்யாணம். பந்தியில நின்னு எல வச்சது நாந்தான்."

"அப்பறம் எங்கள்ட்ட ஏன் சொல்லல?"

பையனின் அம்மா குறுக்கே வந்தார். "சொன்னா யாருண்ணே பொண்ணு குடுப்பாக? நாந்தான் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக் கூட்டியாந்தேன். இந்த மனுசன் எல்லாத்துக்கும் வாயக் கட்டுவாரு, சோத்துக்கு மட்டும் கட்ட மாட்டாரு."

"தப்பாச் சொல்றாகளேன்னு..." என்றார் அவர் மெதுவாக. அந்தக் கடையில் ஜெயிலைப் பற்றிச் சரியாகத் தெரிந்த ஒரே ஆள் அவர். தப்பான தகவலைத் தாங்க முடியவில்லை.

பக்கத்து அறைப் பிள்ளைகள் டம்ளரால் கம்பியைத் தட்டினார்கள். மச்சானுக்கும் மேற்கே கால்வாய்ப் பாசனத்தில் நிலம் உண்டு. மடைக்குக் காவல் இருந்து, ஆளோடு ஆள் மல்லுக்கட்டியதும் உண்டு. அதில் யார் கையும் உடைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர் என்ன நினைத்தார் என்று என்னால் சொல்ல முடியாது. மகள் தட்டில் இருந்த களியை விரலால் நான்காகப் பிரித்தாள், பிறகு எட்டாகப் பிரித்தாள். வாயில் வைக்கவில்லை.

"நான் ஆள் விட்டு விசாரிச்சேன்," என்றார் மச்சான் கடைசியில். "ரெண்டு நாளு சுத்திட்டு வந்தான். ஊருக்குள்ள ஒருத்தரும் இதச் சொல்லல."

"அவுக சொல்ல மாட்டாக. அன்னைக்குத் தொறந்த தண்ணி எல்லாருக்கும்தான் பாஞ்சுச்சு."

மச்சான் "ம்" என்றார். ஓர் உருண்டை களியைக் குழம்பில் புரட்டி விழுங்கினார். எங்கள் பக்கத்தில் களியை மெல்லக் கூடாது, விழுங்கத்தான் வேண்டும். அது தொண்டையை விட்டு இறங்கும்வரை எல்லோரும் காத்திருந்தோம்.

"அந்தப் பொங்கலு எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

"உப்பு இருக்காது."

"மொளகு?"

"இருக்கும். எண்ணிப் போட்டிருப்பாக."

அதற்கு மேல் அவர் விசாரிக்கவில்லை. பேச்சு கோயம்புத்தூருக்குத் திரும்பியது. ஆனால் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அக்கா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். அவருக்குப் புடிச்சிருக்கா என்று அர்த்தம். எனக்கு எப்படித் தெரியும்? நானும் பதிலுக்கு மிதித்தேன்.

கை கழுவிவிட்டு வெளியே வரும்போது உயரக் கோட்டுச் சுவருக்கு முன்னால் காக்கிச் சட்டைக்காரர் கேமராவோடு நின்றார். "வாங்க சார், விடுதலையாகப் போறீங்க, ஒரு போட்டோ. எல்லாருக்கும் ஃப்ரீதான்," என்றார். முன்னால் போய்க்கொண்டிருந்த பையனின் அப்பா கையில் நம்பர் பலகையைக் கொடுத்துவிட்டார். அவர் அதை வாங்கிக்கொண்டார். வாங்கிய கை அதை நெஞ்சுக்கு நேராகத் தானாகவே தூக்கியது. சரியான உயரத்தில், சரியான பிடியில்.

பின்னால் வந்த மச்சான் அதைப் பார்த்தார். இரண்டு எட்டில் போய்ப் பலகையை வாங்கிக் கேமராக்காரரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"எங்க சம்மந்திக்கு போட்டோ வேணாம்ப்பா."

அதுவரை அவர் 'அண்ணே' என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா என் கையைக் கிள்ளினாள். பையனின் அப்பா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மகள் எதுவும் காதில் விழாதவள்போலச் செருப்பைத் தேடிக் குனிந்தாள். அந்தக் கடையில் யாரும் செருப்பைக் கழற்றுவதே இல்லை.